அடைத்த விரிசல்

அலெக்சாந்திரியா
செப்டம்பர் 20

அன்புள்ள அபூனா ஹர்மீனாவுக்கு,

அக்கா இரீனி எழுதுவது. உறையின் மேல் தம்பியை ‘அபூனா’, எங்கள் தந்தையே, என்று துறவுப் பெயரோடு மரியாதையாக எழுதிவிட்டேன். உள்ளே நீ எனக்கு ரவூஃப்தான். ‘நீ, வா, போ’ என்றுதான் எழுத வரும். பாவமென்றால் எனக்காகவும் ஒரு ஜெபம் சொல்லிவிடு. அம்மா நலம், நானும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? மடத்து ஆலிவ் வேன் ஓட்டி வருகிற ஆதீபிடம் அம்மா கம்பளிக் காலுறை கொடுத்தனுப்பியிருக்கிறாள். துறவிக்குச் சிவப்புக் கரை எதற்கு என்று கேட்டேன். “அங்கிக்கு உள்ள யாரு பாக்கப் போறா, கடவுளுக்கு மட்டும்தான் தெரியும்” என்றாள்.

காரியத்துக்கு வருகிறேன். உங்கள் மடத்துக்குப் பின்னால் இருக்கிற உப்பு ஏரியிலிருந்து எனக்குச் சேறு வேண்டும். சிரிக்காதே. கல்லூரி ஆய்வகத்தில் நான் ஒரு புதுவகைக் கான்கிரீட் செய்து பார்க்கிறேன். கலக்கும்போதே அதற்குள் பாக்டீரியாவைத் தூங்க வைத்து, பக்கத்தில் அதற்குத் தீனியும் வைத்துவிடுவோம். என்றைக்காவது விரிசல் விட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கினால் அது விழித்துக்கொண்டு, தீனியைத் தின்று, விரிசலில் சுண்ணாம்புக் கல்லாக விட்டுவைக்கும். விரிசல் மூடிவிட்டால் கடல் உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தின்னாது. கான்கிரீட்டின் காரத்தில் சாதாரண உயிர் எதுவும் பிழைக்காது. உங்கள் ஏரியின் காரத்திலேயே பிறந்தவை பிழைக்கும்.

இந்த ஊருக்கு இது எவ்வளவு தேவை என்று உனக்கே தெரியும். நம் காம்ப் ஷீஸார் வீட்டைக் கட்டியவன் கடல் மணலைக் கழுவாமல் கலந்த புண்ணியவான். இப்போது சாப்பாட்டு அறைத் தூணில் மேலிருந்து கீழே வரை, நகம் நுழைகிற அகலத்தில் ஒரு விரிசல். வட்டார அலுவலகத்திலிருந்து வந்து வாசலில் இடிப்பு ஆணை ஒட்டினார்கள். கீழ்வீட்டு ஹாஜ்ஜா சனீயா அதைக் கிழித்து, அதன் மேல் மீன் ஆய்ந்தாள். பழைய வாடகைக்காரர்கள் ஒரு முறை காலி செய்தால் வீடு கைவிட்டுப் போயிற்று. வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருப்பதும் அதற்குத்தான். முதல் மாடிக்காரர்கள் மட்டும் பயந்து போய்விட்டார்கள். அஜமியில் என்னோடு வந்து இரு என்று அம்மாவைக் கூப்பிட்டு எனக்கு வாய் வலிக்கிறது.

கண்ணாடிப் புட்டியில், ஏரித் தண்ணீரும் சேர்த்து அனுப்பு.

உன் ஜெபத்தை நம்பியிருக்கும்
இரீனி


வாதி நத்ரூன் மடம்
அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தரின் சமாதானம் உன் வீட்டு வாசலில் நிற்பதாக. நான் நலம். முழங்கால் வலி மண்டியிடும்போது மட்டும் வருகிறது. துறவிக்கு அது பெரிய வசதி இல்லை. சிவப்புக் கரை ரகசியமாக இல்லை. துணி உலர்த்தும் கயிற்றில் அதைப் பார்த்த மடத்துத் தலைவர், மடத்துக்குள் எந்தப் பெண் வந்தாள் என்று கேட்டார்.

நாலு புட்டிச் சேறு ஆதீபிடம் தந்திருக்கிறேன். முழங்கால் வரை ஏரியில் இறங்கி எடுத்தேன். வாயில்காப்போர் அபூனா இசித்தோர் கரையில் நின்று சிரித்தார். “பார்வோன் காலத்துல செத்தவங்களப் பதம்பண்ணின உப்புல உங்கக்கா உயிரத் தேடறாளா?” என்றார். அழுகிய முட்டை நாற்றம். உன் ஆய்வகத்தில் எல்லாரும் உன்னைத் திட்டப் போகிறார்கள். மூடிகளைத் திருகும்போது கைப்பழக்கத்தில் ஒவ்வொன்றின் மேலும் சிலுவை போட்டுவிட்டேன். ஆராய்ச்சிக்குக் கெடுதல் இல்லையே?

தூணைப் பற்றி நீ எழுதியது மனதை அரிக்கிறது. அம்மா உன் பேச்சைக் கேட்கமாட்டாள் என்றால் நான் எழுதட்டுமா? வீட்டை விட்டு வந்துவிடு என்று நான் சொன்னால் வருவாள். ஒரு வார்த்தை சொல்.

எனக்காக வேண்டிக்கொள்.
பலவீனன் ஹர்மீனா


அலெக்சாந்திரியா
டிசம்பர் 20

அன்புள்ள அபூனாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை, சந்தோஷம். உன் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா பிரமாதமாக வளர்கிறது. அதைக் கலந்து வார்த்த பலகைகளை வேண்டுமென்றே உடைத்து, கடல் தண்ணீரில் போட்டு வைத்தேன். விரிசல் ஒவ்வொன்றும் வெள்ளையாக மூடிக்கொண்டது. உள்ளே இருந்த கம்பி புதிதாகப் பளபளக்கிறது. ஆய்வகத்தில் நான் தனியாக உட்கார்ந்து அழுதேன், என்ன பெண்ணோ.

நீ சிலுவை போட்ட கதையை ஆதீப் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அதோடு தொலைந்தேன். “அபூனா ஆசீர்வாதம் பண்ணின மண்ணு ஊரான் வீட்டுக் கல்லுக்கு ஆகும், பெத்தவ வீட்டுத் தூணுக்கு ஆகாதா?” என்று தினமும் போனில் அரித்தாள். போன மாதம், மக்னஸா புயல் ஓய்ந்த கையோடு, பாக்டீரியாவும் தீனியும் கலந்த தண்ணீரைக் கொண்டுபோய் விரிசலில் இரண்டு முறை பீய்ச்சினேன். இப்போது போய்ப் பார், கற்கண்டு பொடித்து அடைத்த மாதிரி இருக்கிறது. ஹாஜ்ஜா சனீயா மேலே வந்து பார்த்துவிட்டு, “மாஷா அல்லா, உங்க பையன் படிச்ச படிப்பு வீண் போகலை” என்றாள். படித்தவள் நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஆகவே அம்மாவைக் காலி செய்யச் சொல்லி நீ எழுத வேண்டாம். அவளுக்கு இப்போது வேண்டியது தூக்கம். காற்று அடிக்கிற நாளெல்லாம் தூணில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பயப்படாதே என்று நாலு வரி எழுது. நான் சொன்னால் எடுபடாது. நான் வெறும் டாக்டர் பட்டம் வாங்கியவள்.

பிறப்புப் பண்டிகை வாழ்த்துகளுடன்
இரீனி


வாதி நத்ரூன் மடம்
டிசம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பிறந்த பாலகனின் வெளிச்சம் உன் மேல் இருப்பதாக. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்த வருடம் இங்கே எனக்குக் கிடைத்த நல்ல செய்தி இதுதான். சேறு அள்ளியவனுக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டென்று நினைத்துப் பெருமைப்பட்டேன். பிறகு அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.

அம்மாவுக்கு எழுதியதை இதோடு தனித்தாளில் வைத்திருக்கிறேன். நீ முதலில் படித்துப் பார்த்துவிட்டுக் கொடு. எனக்கு ஜெபம் தெரியும், தூணைப் பற்றி உனக்குத்தான் தெரியும். ஏதாவது தப்பாக இருந்தால் கிழித்துப் போடு.

“அன்புள்ள அம்மா, பயப்படாதே. ஏரியின் அடியில் கடவுள் ஒளித்து வைத்திருந்த மருந்து உன் வீட்டுக்கு வந்துவிட்டது. உன்னைத் தாங்குகிற கை சிமென்ட்டால் ஆனதில்லை. உன் வீட்டிலேயே இரு. காற்று அடித்தால் அடிக்கட்டும், நீ தூங்கு. உன் மகன்.”

எனக்காக வேண்டிக்கொள்.
ஹர்மீனா


அலெக்சாந்திரியா
ஜனவரி 21

அன்புள்ள அபூனாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன், கொடுத்தேன். அம்மா தூங்குகிறாள். உன் தாளைத் தூணில் விரிசல் இருந்த இடத்தின் மேலேயே பசை போட்டு ஒட்டியிருக்கிறாள். போகும்போதும் வரும்போதும் ஒரு தடவு தடவி விரலை முத்தமிட்டுக்கொள்கிறாள். திருமுழுக்குப் பண்டிகைக்குச் சேப்பங்கிழங்கும் கரும்பும் வாங்கிப் போனேன். எட்டுப் பேருக்குச் சமைத்தாள். முதல் மாடிக்காரர்கள் தூண் சரியாகிவிட்டதென்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் ஒரு சட்டி போயிற்று. ஆதீப் ஆலிவ் டப்பாவை இறக்கி வைத்துவிட்டுத் தூணைத் தொட்டுக் கும்பிட்டான்.

வட்டார அலுவலகத்து இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர்தான். விரிசல் இருந்த இடத்தில் ஜிப்சம் வில்லை ஒன்றை ஒட்டித் தேதி எழுதினார்; கட்டடம் அசைந்தால் வில்லை உடையுமாம். பத்து நாள் கழித்து வந்து பார்த்தார், உடையவில்லை. “டாக்டர், நீங்க இந்தத் துறை. நீங்க என்ன சொல்றீங்க?” என்று என்னைக் கேட்டார். அம்மா எனக்கு முன்னால் பதில் சொன்னாள். “இடிக்க வேண்டியது” என்பதை அடித்து “கண்காணிப்பில் உள்ளது” என்று எழுதிக்கொண்டு, சேப்பங்கிழங்கு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கான்கிரீட்டோடு கலந்து வார்ப்பது வேறு, இறுகின பிறகு வெளியே பூசுவது வேறு. அது இருக்கட்டும். உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், ராத்திரியில் தேய்த்துக்கொள்.

இரீனி


வாதி நத்ரூன் மடம்
பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

சமாதானம். தைலத்தில் பாதியை அபூனா இசித்தோர் எடுத்துக்கொண்டார், அவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன.

திங்கட்கிழமை பெரிய நோன்பு தொடங்குகிறது. இந்த வருடம் நோன்பு முழுவதும் பாலைவனத்துக் குகையில் தனியாக இருக்கத் தலைவர் அனுமதி தந்திருக்கிறார். நீண்ட நாள் கேட்டுக் கிடைத்தது. வாரம் ஒரு முறை ரொட்டியும் தண்ணீரும் குகை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள், பேச்சு கிடையாது. உன் கடிதங்கள் வந்தால் அபூனா இசித்தோரிடம் இருக்கும். உயிர்ப்புப் பண்டிகையன்று வந்து படிப்பேன். கோபித்துக்கொள்ளாதே.

ஒன்று கேட்க வேண்டும். அந்த இன்ஜினியர் உன்னைக் கேட்டதற்கு அம்மா பதில் சொன்னாள் என்று எழுதியிருந்தாய். நீ என்ன சொன்னாய் என்று எழுத மறந்துவிட்டாய்.

நோன்பில் உங்கள் இருவரையும் நினைத்துக்கொள்வேன்.
ஹர்மீனா


அலெக்சாந்திரியா
பிப்ரவரி 26

ரவூஃப்,

நீ இதைப் படிக்கமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். யாராவது குகை வாசலில் வைக்கமாட்டார்களா என்று ஒரு நப்பாசை.

நான் எழுத மறக்கவில்லை. இன்ஜினியர் கேட்டபோது நான் ஒன்றுமே சொல்லவில்லை. வாயில் வந்தது: பாக்டீரியா வெளியிலிருந்து வருகிற உப்பைத்தான் தடுக்கும், இந்தத் தூணில் உப்பு மணலோடு உள்ளேயே இருக்கிறது, கம்பி எந்த நிலையில் இருக்கிறதோ தெரியாது, தோண்டிப் பார்க்க வேண்டும். சொல்லியிருந்தால் அன்றைக்கே எட்டுக் குடும்பமும் தெருவில் நிற்கும். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் செய்த கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரப் புயலுக்குப் பிறகு போய்த் தூணைச் சுத்தியலால் தட்டினேன். உள்ளே பொள்ளல் சத்தம் கேட்டது. அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் பின்பக்கம் உளியால் உடைத்துப் பார்த்தேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். கட்டைவிரல் கனம் இருக்க வேண்டிய கம்பி பென்சில் கனம் கூட இல்லை, தொட்டால் ஏடு ஏடாக உதிர்கிறது. தூண் வெடித்துத் தன் வலியைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன். வில்லை உடையாமல் இருந்ததற்குக் காரணம், இன்ஜினியர் அதை என் சுண்ணாம்பின் மேல் ஒட்டியதுதான். வீடு நிற்கிற லட்சணத்தை அது சொல்லவில்லை.

அலுவலகத்துக்கு ஓடினேன். கோப்பு கண்காணிப்பில் இருக்கிறது, கோடையில் பார்ப்போம் என்றார்கள். ஹாஜ்ஜா சனீயாவிடம் சொன்னேன். “நீயே அடைச்சே, நீயே ஒடைக்கறே. வீட்டுக்காரன் உனக்கு ஏதாவது தந்தானா?” என்றாள். அம்மாவிடம் கம்பியின் ஏட்டைக் கையில் வைத்துக் காட்டினேன். அவள் அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டாள். “அபூனா வீட்டிலயே இருன்னு எழுதிட்டாரு. நீ அவரைவிடப் பெரியவளா?”

நான்தான் உன்னை எழுதச் சொன்னேன். இப்போது நீதான் மாற்றி எழுத வேண்டும். போ என்று ஒரு சொல் எழுது.

இரீனி


அலெக்சாந்திரியா
மார்ச் 16

ரவூஃப்,

நேற்று ஆதீபின் வேனில் மடத்து வாசலுக்கு வந்தேன். நோன்பில் கதவு திறக்காது என்று தெரியும், தட்டினேன். அபூனா இசித்தோர் சிறிய ஜன்னலைத் திறந்தார். அம்மாவின் உயிர் விஷயம் என்றேன். “மகளே, நோன்பு வந்தா எல்லார் அம்மாவுக்கும் ஏதாவது ஆயிடுது. பண்டிகைக்கு அப்புறம் எல்லா அம்மாவும் எழுந்து நடக்கறாங்க” என்றார். தலைவர் கெய்ரோவில் இருக்கிறார், அவர் உத்தரவில்லாமல் குகைப் பக்கம் யாரும் போக முடியாது என்றார். கெட்டவர் இல்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்தார். கடிதம் பத்திரமாக இருக்கிறதென்று எடுத்துக் காட்டினார். நீ இருக்கிற மலைத்திட்டு அங்கிருந்தே தெரிந்தது. கூப்பிட்டால் கேட்காது.

மடத்துக்கு வருவதற்கு முன்பு, உன் எழுத்தைப் போல நானே எழுதிவிடலாமா என்று கூட முயன்றேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, “அவரு தாளை இவ்வளவு அழுத்தி எழுதமாட்டாரு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கோபம் கூடப் படவில்லை.

பிறகு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே சொன்னாள். நீ குரு ஆன நாளிலிருந்து அவள் உன்னை ‘அவரு’ என்றுதானே சொல்வாள். முந்தாநாள் மாற்றிச் சொன்னாள். “நான் வீட்டை விட்டுட்டா, அவன் எங்க வருவான்?” யார் என்று கேட்டேன். “ஒரு வேளை அவனுக்கு அங்க முடியலைன்னா. வெக்கப்பட்டுக்கிட்டுப் பேசாம ஒரு நாள் வந்து நின்னான்னா. அவன் ரூம் இல்லைன்னா எங்க போவான்?” ஒன்பது வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் உன் படுக்கை விரிப்பை மாற்றுவது எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தூண், மண், ஆசீர்வாதம், எல்லாம் வாய்க்குச் சொல்கிற காரணம்.

வரமாட்டேன் என்று எழுது ரவூஃப். எனக்கு வீடு வேண்டாம், அறை வேண்டாம் என்று எழுது. வேறு எதற்கும் அவள் நகரமாட்டாள்.

இரீனி


அலெக்சாந்திரியா
ஏப்ரல் 7

அன்புள்ள அபூனா ஹர்மீனாவுக்கு,

கிறிஸ்து உயிர்த்தார். நீ குகையிலிருந்து நல்ல சுகத்தோடு திரும்பியிருப்பாய் என்று நம்புகிறேன்.

இதை உட்கார்ந்து படி. அம்மா மார்ச் 24 காலையில் கர்த்தரிடம் போய்விட்டாள். அவ்வா புயல் அடித்துக்கொண்டிருந்தது. கட்டடத்தின் கடல் பக்கம் இடிந்து இறங்கிவிட்டது. அவளோடு முதல் மாடிப் பெரியவரும் போனார். ஹாஜ்ஜா சனீயா இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நம் பங்குக்குரு மடத்துத் தலைவரிடம் சொன்னார். பண்டிகை வரை உன்னிடம் சொல்ல வேண்டாமென்று முடிவு செய்தார்கள்.

நீ ஒன்றையும் நினைத்து மனதை வருத்திக்கொள்ளாதே. தூணில் ஆபத்து இருக்கிறதென்று கடைசியில் எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னேன், புரிந்துகொண்டாள், என்னோடு வரச் சம்மதித்தாள். அன்று காலை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கதவுப் பக்கத்தில்தான் அவளை எடுத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருந்தால் கிளம்பியிருப்பாள். விதி அவ்வளவுதான். வலி இருந்திருக்காது என்றார் டாக்டர். முகம் நன்றாக இருந்தது.

சாப்பிடாமல் இருக்காதே.

இரீனி


வாதி நத்ரூன் மடம்
ஏப்ரல் 15

என் அக்காவுக்கு,

மெய்யாகவே உயிர்த்தார். உன் கண்ணீரை அவர் துடைப்பாராக.

உன் கடிதத்தைப் பண்டிகைப் பூசை முடிந்து படித்தேன். உலகத்துக்கு நான் செத்தவன். செத்தவன் சாவுக்கு வருவதில்லை. இதைப் படித்துப் படித்துத்தான் ஒன்பது வருடமாக வாழ்கிறேன். அன்றைக்கு அது வேலை செய்யவில்லை. இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

எழுப்பியது உன் ஒரு வரிதான். அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள் என்றாயே. ‘வீட்டிலேயே இரு’ என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளோ என்று பயந்து செத்தேன். உன் பேச்சைக் கேட்டாள், கிளம்பினாள். அப்படியானால் நான் அவளைக் கட்டிப்போடவில்லை. அந்தச் சமாதானத்தில்தான் மறுபடி பீடத்தில் நின்றேன்.

நீ பண்டிகைக்கு முந்தின நாள் வந்து, நோன்பில் தந்திருந்த இரண்டு கடிதத்தையும் திரும்ப வாங்கிப் போனாய் என்று அபூனா இசித்தோர் சொன்னார். அவற்றில் என்ன இருந்தது? அவர் உன் பெயரைச் சொன்னாலே கண் கலங்குகிறார்.

இன்னொரு செய்தி. கேத் அல்-இனபில் ஆதீபின் வீட்டுத் தூண்களிலும் விரிசலாம். உன் கல்லூரியில் யாரிடமோ மருந்துத் தண்ணீர் வாங்கிப் பூசியிருக்கிறான், வெள்ளையாக மூடிவிட்டதாம். பெண்டாட்டி ஸபாஹ் பயப்படுகிறாள், நாலு வரி வேண்டும் என்றான். அம்மாவுக்கு எழுதியதைப் போலவே எழுதிக் கொடுத்தேன். அம்மாவின் நினைவாக ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்கட்டும்.

ஹர்மீனா


அலெக்சாந்திரியா
ஏப்ரல் 19

ரவூஃப்,

நான் எழுதியது பொய். அம்மா மூட்டை கட்டவில்லை. கதவுப் பக்கத்தில் இல்லை. அன்று சனிக்கிழமை; அவளை உன் அறையில் எடுத்தார்கள், கையில் படுக்கை விரிப்பு இருந்தது. முகம் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லமாட்டேன்.

நீயாவது நிம்மதியாக இரு என்றுதான் அப்படி எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். தூணுக்குச் செய்ததையே உனக்கும் செய்திருக்கிறேன். வெளியே வெள்ளையாகப் பூசிவிட்டு உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் வந்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே ஆதீபின் வீட்டுக்குப் போனேன். படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற தூணைத் தட்டினேன். அதே சத்தம். இன்றைக்கே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள் என்றேன். ஸபாஹ் எழுந்துவிட்டாள். ஆதீப் உன் தாளை எடுத்து நீட்டினான். “டாக்டர், அபூனா எழுதிக் குடுத்திருக்காரு பாருங்க.” என் அம்மாவுக்கும் அவர் எழுதிக் கொடுத்தார் என்றேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தப்பா நினைக்காதீங்க. உங்கம்மா இத்தனை நாள் நம்பி இருந்தாங்க, ஒண்ணும் ஆகலை. மூட்டை கட்டின அன்னிக்குத்தான் விழுந்துது. நம்பிக்கை விட்டுட்டாங்க, விழுந்துடுச்சு. நான் விடமாட்டேன்.”

நான் சொன்ன பொய்யை அவன் எங்கே கேட்டானோ, அதைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறான். இல்லை, மூட்டை கட்டவில்லை, அது பொய் என்றேன். இப்போது பயமுறுத்துவதற்காக மாற்றிச் சொல்கிறேன் என்கிறான். அவனுக்கு மூன்று பெண்கள்.

நான் திரும்ப வாங்கிய இரண்டு கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். தேதி வரிசையில் படி. மார்ச் மாதத்துக் கடிதத்தை உன்னிடமிருந்து மறைக்கத்தான் நான் அன்று மடத்துக்கு வந்தேன். அதை நீ படித்துவிட்டு எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் படி. என் சொல் அவனிடம் எடுபடாது.

இரீனி


வாதி நத்ரூன் மடம்
ஏப்ரல் 27

அக்கா,

நலம் கேட்டு எழுத இன்று எனக்கு வரவில்லை.

படித்தேன். தலைவரிடம் போய்க் கடிதங்களை அவர் கையில் கொடுத்தேன். அவரும் படித்தார். மடத்துக் கார் சாவியை எடுத்து இன்னொரு சகோதரரிடம் தந்து, இவரைக் கூட்டிப் போ என்றார். ஒன்பது வருடம் கழித்து ஊரைப் பார்த்தேன். காம்ப் ஷீஸார் பக்கம் போகவில்லை. உன்னைப் பார்க்கவும் வரவில்லை. வந்திருந்தால் திரும்பியிருக்கமாட்டேன்.

ஆதீப் வாசலுக்கு ஓடி வந்து கையை முத்தமிட்டான். தெருவே கூடிவிட்டது. வீட்டை ஆசீர்வதிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்தார்கள். என் தாளைத் திரும்பக் கேட்டேன். “என்ன அபூனா, நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டமா?” என்றான். எனக்குப் பிரசங்கம் எதுவும் வரவில்லை. “எங்கம்மா மூட்டை கட்டலை ஆதீப். நான் இருன்னு எழுதினேன், இருந்தாங்க. என் பேச்சைக் கேட்டுத்தான் எங்கம்மா செத்தாங்க. நீயும் கேட்காதே” என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். கூட்டத்தில் ஒரு கிழவர் தன் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஆதீப் என் தாளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். பிறகு உள்ளே போய் மெத்தையைச் சுருட்டத் தொடங்கினான்.

இப்போது அவர்கள் ஸபாஹின் அண்ணன் வீட்டில் இரண்டு அறையில் ஒன்பது பேராக இருக்கிறார்கள். அவன் வீடு இன்னும் விழவில்லை. பைத்தியக்காரா, நல்ல வீட்டை விட்டு ஓடினாயே என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்கிறார்களாம். என் மேல் அவனுக்கு வருத்தம். நேற்று வேன் வந்தபோது பேசாமல் ஆலிவை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் கடிதத்தை நீ என்னிடம் காட்டாமலே இருந்திருக்கலாமே என்று முதல் நாள் உன்னைத் திட்டினேன். இப்போது திட்டவில்லை. அவள் எதற்காக அங்கே இருந்தாள் என்று தெரியாமல் நான் எத்தனை வருடம் அவளுக்காக ஜெபித்தாலும் அது வேறு யாருக்கோ செய்த ஜெபமாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது ஸபாஹ் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அழுதாள். “மூணு பிரசவமும் இந்த வீட்டுலதான் அபூனா” என்றாள். பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். பிறகு நானும் அழுதேன். தனக்காகத்தான் அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு அழ எனக்கு அந்தப் படிக்கட்டுதான் கிடைத்தது, அக்கா.

உன் தம்பி
ரவூஃப்